கணக்கில் வராத கால்கள்

எங்கள் தெருவில் உடல் குறை உள்ளவர் ஒருவர்கூட இல்லை என்றுதான் அரசாங்கம் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லி வைத்தவர்கள் நாங்கள்தான். கணக்கெடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். உள்ளேயிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பி ஒரு குரல், "அந்த மாதிரி யாரும் இல்லம்மா" என்று சொல்லும். அவர்கள் அடுத்த வாசலுக்குப் போவார்கள். அங்கேயும் அதே பதில் வேறொரு தொண்டையிலிருந்து வரும்.

யாரும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் உடம்பை அளக்க எங்களிடம் வேறொரு அளவு இருந்தது. குழித்தறியில் இறங்கி உட்கார முடிகிறதா, மிதிக்க முடிகிறதா, குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிய முடிகிறதா? முடிந்தால் அந்த உடம்பு முழுசு. நெய்ய முடியாதவர் நூல் சுற்றினால் அவரும் முழுசு. நூல் சுற்றவும் ஆகாதவர், தெருவில் நெடுக்கிழைகளைப் பாவாக நீட்டுகிற காலையில் வந்து மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவரும் முழுசுதான். வெள்ளை படர்ந்த கண், மடங்காத முழங்கால், பிறந்ததிலிருந்தே மூடிக்கிடக்கும் காது எல்லாமே எங்களுக்குத் தெரியும். ஒருவருடைய மூக்கு நீளம் என்பதைப் போல அது அவருக்கு ஓர் அடையாளம், அவ்வளவே. வேலைக்கு ஆகாமல் பாயோடு கிடப்பதைத்தான் குறை என்போம். அப்படிக் கிடந்தவர்களைப் பற்றியும் வாசலில் நின்று யாரும் வாய் திறந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே செய்தித்தாளில் எப்போதாவது, இந்த நாட்டில் நடக்க முடியாதவர் இத்தனை பேர், பார்க்க முடியாதவர் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். பின்னாலேயே ஒரு பதற்றமும் வரும். இந்த எண் எந்த வாசலில் பிறந்தது? கேட்டவர் எப்படிக் கேட்டார்? பதில் சொன்னது யார்? யாரைப் பற்றிக் கேட்டார்களோ அந்த ஆள் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார்?

என் தங்கை குழியில் உட்கார்ந்திருந்தாள்.

நடை பழகிய சூட்டோடு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகு இடது கால் தரையைத் தள்ள மறந்துபோயிருந்தது. அந்தக் கால் அவளோடு வளரவில்லை. மெலிந்து, பின்தங்கி, கூடவே வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நைனாவின் சைக்கிள் கேரியரில் போனாள். அப்புறம் என் சைக்கிள். கல்யாணமான பின் மாப்பிள்ளையின் மொபெட். அவர் எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவர், கையில் நல்ல வேலை, வாயில் குறைவான பேச்சு. அவரும் அவளும் ஒரே தறியில்தான் நெய்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவள் நடுவில், அவர் ஓரத்தில். உடலின் நூலும் கரையின் நூலும் ஒவ்வொரு வரியிலும் சந்தித்துக் கைகோத்துக்கொள்ள வேண்டும்; ஒரு வரி தவறினாலும் சேலை அங்கே கிழியும்.

அவளுடைய தறிக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. மற்றவர்கள் இரண்டு காலால் மாறி மாறி மிதிப்பதை அவள் வலது கால் ஒன்றே இந்த மிதிக்கும் அந்த மிதிக்கும் ஓடி ஓடிச் செய்யும். அதனால் அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழும், மூச்சு வாங்குவது போல. தெருமுனையில் திரும்பும்போதே என் காது அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்துவிடும். தட், தட், காற்று, தட். இந்த ஊரில் பிரபந்தம் சொல்லிக்கொண்டு போகும் கோஷ்டியைக் கேட்டிருக்கிறேன், ஓதுவாரின் தேவாரத்தைக் கேட்டிருக்கிறேன். தாளத்தைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அது அவளுடைய வலது காலிடம் கற்றது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வண்டி. பின்னால் பக்கத்துக்கொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெண் அப்படியொன்றில், முன்கூடையில் காய்கறியோடு, ஊன்றுகோலைப் பக்கவாட்டில் செருகிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணா. எனக்கு இந்த ஊரே முதுகா இருக்குது" என்றாள்.

"என்னாது?"

"நைனா முதுகு, உன் முதுகு, அப்பால இவரு முதுகு. ராஜ வீதி எப்பிடி இருக்கும்னு கேட்டா, ஓரத்துல கொஞ்சம் கடை தெரியும், நடுவுல சட்டைதான் தெரியும். அந்தப் பொம்பள முன்னாடி எவ்ளோ ரோடு இருந்துச்சு தெரியுமா?"

விசாரித்தோம். அந்த வண்டிக்கு எழுதிப்போட வேண்டும் என்றால் மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். அட்டை வேண்டும் என்றால் டாக்டர்கள் உட்காரும் முகாமுக்குப் போக வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள், பேரைப் பதிந்துகொண்டால் முகாமுக்கு அவர்களே கூப்பிடுவார்கள், அலைய வேண்டாம் என்றார்கள். தங்கை காத்திருந்தாள். ஆளும் வந்தார். அன்றைக்கு அவள் குழிக்குள் இருந்தாள். குழியிலிருந்து அவள் ஏறுவது ஒரு வேலை. முதலில் நாடாவை வைக்க வேண்டும், பலகையைப் பிடிக்க வேண்டும், வலது காலை மேலே போட வேண்டும், கையால் இடது காலைத் தூக்கி எடுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் சுவர். அவள் சுவரைப் பிடிக்கும்போது வாசலில் அம்மா, "எங்க வூட்ல யாரும் அப்பிடி இல்லப்பா, எல்லாம் வேலை செய்றவங்க" என்று சொல்லி முடித்திருந்தாள். தங்கை நிலைப்படிக்கு வந்தபோது தெரு காலியாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையில் அம்மா பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. தங்கையின் மகளுக்கு முசரவாக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் தாயின் பேரை அந்தக் கணக்கில் எழுதினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். அதைவிடப் பெரிதாக இன்னொன்று அவளுக்குள் இருந்தது.

"இவளுக்கு இன்னா குறை? சொல்லு. இவ நெய்ஞ்ச சேலைய எவனாவது கரை பிரிஞ்சு வந்துச்சுன்னு திருப்பினானா? அவன் வந்து கேட்டதும் ஆமா எம் பொண்ணு நொண்டின்னு நான் என் வாயால சொல்லணுமா?"

"நீ சொல்ல வேணாம்மா" என்றாள் தங்கை. "நான் சொல்றேன். நான் ஏறி வர்ற வரைக்கும் நீ சும்மா இரு, போதும்."

அம்மா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம். அதுவும் எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ளாத விஷயம். கேட்காததை மறைக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எதிராளி வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள்.

விட்டுப்போனவர்களுக்காக மறுபடி ஒருமுறை வருவார்கள் என்று கேள்விப்பட்டோம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. தங்கை அந்த நாட்களில் வாசலைப் பார்த்தபடியே நெய்தாள்.

மறுபடி கணக்கெடுக்க ஒரு பெண் வந்தது நாங்கள் பாவு நீட்டிய காலையில்.

பட்டுப் பாவைத் தெருவில் நீட்டுவதை வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். எங்களுக்கு அது வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒரு கோடியில் விளக்குக் கம்பத்தில் கயிறு, மறு கோடியில் ஆள். நடுவில் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகள், இடுப்பு உயரத்தில் மிதக்கும் நிறம். அன்றைக்கு அரக்கு. யாரையும் கூப்பிட வேண்டாம். பாவு வெளியே வந்தால் அக்கம்பக்கத்தார் அவரவர் கதவைத் திறந்துகொண்டு வந்து இரு பக்கமும் நின்றுவிடுவார்கள். அறுந்த இழையைப் பார்த்து முடிச்சுப் போடுவார்கள், கழியைத் தள்ளுவார்கள், இழுத்துப் பிடிப்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவு, நாங்கள் போய் நிற்போம். ஒரே ஒரு கட்டுப்பாடு: பாவைச் சுருட்டி முடிக்கிற வரை பிடித்த கையை யாரும் விடக் கூடாது. பைக்கில் வருகிறவர்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அதனால், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டும் தோளில் தண்ணீர் பாட்டிலுமாக அந்தப் பெண் வந்தபோது கேட்க வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. தெருவே வெளியில் இருந்தது, கை நிறையப் பட்டோடு. பதில் சொல்ல யாரும் உள்ளே போகவும் முடியாது, கதவைச் சாத்தவும் முடியாது.

அம்மா அட்டையைப் பார்த்தாள். "எங்க வூட்ல யாரும் இல்லம்மா."

"ஆயா, நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாவு லேசாக அதிர்ந்தது. கம்பத்தடியில் இருந்த மாப்பிள்ளை, "ஆடாதீங்கப்பா" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வெயிலில் கன்னம் கறுத்திருந்தது. எரிச்சல்படாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பாவின் ஓரமாகவே நடந்து வந்து ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அவள் மேல் மரியாதை கூடுகிறது. குறை உண்டா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கண்ணாடி போட்டாலும் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறதா, நடக்க, படி ஏறக் கஷ்டமா, காது கேட்கச் சிரமமா, சட்டை மாட்டிக்கொள்ள, குளிக்க யாராவது உதவ வேண்டியிருக்கிறதா, நினைவு தடுமாறுகிறதா என்றுதான் கேட்டாள். கஷ்டம் என்றால் கொஞ்சமா, ரொம்பவா, சுத்தமாக முடியாதா?

'குறை' என்றதும் மூடிக்கொள்ளும் தெரு 'கஷ்டம்' என்றதும் திறந்துகொண்டது. கஷ்டத்தைச் சொல்ல யாருக்குத்தான் கசக்கும்?

எதிர்வீட்டு மாமா தொடங்கி வைத்தார். "ஒரு கண்ணு பாதிதாம்மா தெரியும். அரக்கும் கருப்பும் ஒண்ணா இருக்கும். இதோ இது அரக்குன்னு இவங்க சொல்லித்தான் தெரியும்."

"முட்டி மடங்காது. கக்கூஸ்ல உக்காந்தா எழுப்பி விடணும். அத எழுதுவியா?"

"அத எப்பிடிம்மா எழுதுவாங்க, வாய வச்சிக்கினு சும்மா இரு."

"எழுதுவேன்க்கா, படி ஏற முடியுதா?"

"மாடிக்குப் போயி வருசமாச்சு. வடாம் காய வெக்கறதே வுட்டுட்டேன்."

"எங்க வூட்டுக்காரருக்கும் காது கேக்காது, நான் கூப்பிட்டா ஒண்டி. அதுக்கு ஏதாவது முகாம் இருக்குதா?"

என்னிடம் வந்தாள். கண்ணாடியைக் காட்டி, "இத போட்டாலும் கஷ்டமா சார்?" என்றாள். இல்லை என்றுதான் வாய் போனது. பிறகு, பொழுது சாய்ந்தால் எதிரே வரும் வண்டியின் விளக்கு பெரிய பூசணிப்பூவாக விரிந்து சாலையை மறைத்துவிடுவதையும், அதனால் சாயங்காலத்தில் நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டதையும், அதற்கு வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டிருப்பதையும் நினைத்துப் பார்த்து, "கொஞ்சம்" என்றேன். அவள் விரல் திரையைத் தொட்டது. அவ்வளவுதான். நானும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன்; பாவில் ஓர் இழை இங்கிருந்து அங்கே நகர்ந்த மாதிரி இருந்தது.

மூலை வீட்டுக்காரர் பிறவியிலேயே காது கேளாதவர். பேச்செல்லாம் கையில்தான். அவருடைய இரண்டு கையிலும் பாவு. அந்தப் பெண் எதிரே நின்று உதட்டை அசைத்துக் கேட்டபோது அவர் பதில் சொல்ல முடியாமல் தவித்தார். வாயைக் கட்டியதுபோல் இருந்தது. இரு பக்கமும் நின்றவர்கள் சொல்லாமலே கையை நீட்டி அவர் பங்கை வாங்கிக்கொண்டார்கள். விடுபட்ட கைகள் பேசின. காதைத் தொட்டு விரித்துக் காட்டினார், ஒன்றுமில்லை. பிறகு விரல் நுனியைத் தொட்டு, பாவைத் தொட்டு, கண்ணை மூடிக் காட்டினார். இழை அறுந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும் என்று அர்த்தம். அது உண்மை. அவர் தலை திரும்பும் திசையில்தான் நாங்கள் அறுந்த இழையைத் தேடுவோம். கடைசியாக என் அம்மாவைச் சுட்டி, மறுபடி தன் காதைத் தொட்டு, இவளும் என் ஜாதிதான் என்பதுபோல் சிரித்தார்.

தெரு கொல்லென்று சிரித்தது.

"என்னா சொல்றான்?" என்றாள் அம்மா.

"உனக்கும் காது கேக்காதாம் ஆயா" என்று பேத்தி, தங்கையின் மகள், கத்தினாள்.

"எனக்கா?" அம்மா நிமிர்ந்தாள். "எனக்கு இன்னா? நல்லா பேசினா கேக்குது."

"ரொம்பன்னு போடட்டுமா ஆயா, கொஞ்சம்னு போடட்டுமா?"

அம்மா அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள். வரிசையில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிக் கண்ணோடும் மடங்காத முட்டியோடும். "கொஞ்சம்னு போடு" என்றாள் குரலை இறக்கி.

அடுத்து என் தங்கை. அவள் பாவின் கடைக்கோடியில், சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, மூங்கில் கழியைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பெண் வந்து சேர்வதற்கு முன்பே அவள் முகம் தயாராகியிருந்தது. ஆனால் கண் அம்மாவிடம் போனது. வாயை மூடச் சொல்லவா, அனுமதி கேட்கவா? எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால் மகள் சொல்வதற்குள் தாய் மறுத்துவிட்டால் அதற்குமேல் அவள் பேச மாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கயிற்றை இறுக்குவதை நிறுத்தியிருந்தார்.

"நடக்கக் கஷ்டமாக்கா?"

"ரொம்ப" என்றாள் தங்கை. குரல் தெளிவாக இருந்தது. "இடது கால் சின்ன வயசுலேர்ந்தே வராது. புடிச்சிக்கினு நடப்பேன். குழியிலேர்ந்து ஏற நேரம் ஆகும். நீங்க போன தபா வந்தப்போ ஏறி வர்றதுக்குள்ள போயிட்டீங்க."

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "போன தடவை நான் வரலக்கா. ஆனா சாரிக்கா."

அம்மா மறுக்கவில்லை. பேத்திதான் பேசினாள். "ஆயா, முசரவாக்கத்துக்காரங்ககிட்டயும் இதே கேள்வி கேப்பாங்க, தெரியும்ல? கண்ணாடி போட்டாலும், முட்டி மடங்குதா, எல்லாம். அவங்க வூட்லயும் ஆள் இருப்பாங்க. டென்ஷன் ஆவாத."

இது அம்மாவுக்கு எவ்வளவு கேட்டதோ. பாவின் ஓர் இழையை நகத்தால் நீவினாள். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ம்மா. அவளுதையும் எழுதிக்கோ. ஆனா நெய்வான்னு எழுது. கோர்வை நெய்வான்னு."

"அதுக்கு இதுல இடம் இல்ல ஆயா."

"இல்லாட்டி உண்டாக்கு. படிச்ச பொண்ணுதான?"

அந்தப் பெண் திரையில் எதையோ தட்டினாள். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் எழுதிவிட்டதாகச் சொல்லித் திரும்பி அம்மாவுக்கே காட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

வெயில் ஏறியிருந்தது. பாவைச் சுருட்டினோம். சுருட்டும்போது எனக்குக் கை மட்டும் வேலை செய்தது, மனசு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தெருவில் ஒரு காலையில் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திக் கேட்டதும் இத்தனை பேர். இந்தத் தெருவுக்குப் பின்னால் சாயப்பட்டறைத் தெரு, அதற்கப்பால் சின்ன காஞ்சிபுரம், நின்றுகொண்டே பூஜை செய்து கால் நரம்பு சுருண்ட அர்ச்சகர்கள், சுண்ணாம்புத் தூசியில் குரல் போன வாத்தியார்கள், ரயிலடி, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். எங்கேயும் யாரும் முழுசாக இல்லை. எங்கேயும் யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரின் பங்கையும் வாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிடிக்கத் தெரிந்திருந்தது எங்களுக்கு. வாயால் சொல்லத்தான் தெரியாமல் இருந்தது. சொல்லாததால் கைப்பிடி இல்லாத படிகளையும் உயரமான பஸ்களையும் நாங்களே சம்பாதித்துக்கொண்டோம். கணக்கில் இல்லாத காலுக்கு யார் சாய்வுப் பாதை போடுவார்கள்?

முகாமுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் தங்கையின் காலைத் தூக்கி, மடக்கி, அழுத்திப் பார்த்து ஒரு சதவீதம் எழுதினார். "என் காலுக்கு மார்க் போட்டாங்கண்ணா, நான் பள்ளிக்கூடத்துல வாங்கினதைவிட ஜாஸ்தி" என்று திரும்பும் வழியெல்லாம் சிரித்தாள். அட்டை வந்தது. வண்டி சீக்கிரம் வரவில்லை. எழுதிப்போட்டு, நினைவுபடுத்தி, மறுபடி எழுதிப்போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கப் போய், பிறகு வந்தது. மாப்பிள்ளை விடியற்காலையில் தேரடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் உட்காரவில்லை, பக்கத்தில் ஓடினார். முசரவாக்கத்துப் பேச்சு முறியவில்லை. மாப்பிள்ளைப் பையனின் தாய் பெண் பார்க்க வந்தபோது, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்க என் தங்கைதான் கை கொடுத்தாள்.

அவள் தனியாகப் போன முதல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு முழம் நெய்து முடித்துவிட்டுக் குழியிலிருந்து ஏறி, முகம் கழுவி, எண்ணெய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். எண்ணெய்க் கடை தெருமுனையில் இருக்கிறது. அம்மா வாசலிலேயே நின்றாள். சோறு வடித்தாகிவிட்டது, குழம்பு ஆறிவிட்டது. மாப்பிள்ளை தறியருகே உட்கார்ந்து, ஆள் இல்லாத குழியைப் பார்த்துக்கொண்டு நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது எடுத்தாள். பேச்சுக்கு முன்னால் காற்று வந்தது, திறந்த வெளியின் காற்று.

"எங்கம்மா இருக்கே?"

"ஓரிக்கைக்கு வந்துட்டேண்ணா. பாலாத்துல தண்ணி போய்க்கினு இருக்குது, அகலமா. பார்த்துக்கினு இருக்கேன். நீங்க சாப்பிடுங்க, நான் வர லேட்டாவும்."

அம்மா என் முகத்தருகே வந்து வாயைப் பார்த்தாள். "என்னா சொல்றா? யாரு கூட்டிக்கினு போனது?"

"அவளே போயிருக்கா" என்று உரக்கச் சொன்னேன். "ஆத்தைப் பார்த்துக்கினு இருக்காளாம்."

அம்மா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தட்டுகளை எடுத்து வைத்தாள், ஒன்றைத் தனியாக மூடி வைத்தாள்.

"எண்ணெய் வாங்கினாளான்னு கேளு" என்றாள்.

கேட்பதற்குள் தங்கை போனை வைத்துவிட்டிருந்தாள்.